தண்டவாளமும் தாளும்: ஐரோப்பாவில் மாணவர் பயணத்தின் வரலாறு

ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இன்று பயிலும் மாணவர் ஒருவர், ஒரு பருவத்தைப் பொலோனாவிலும் அடுத்த பருவத்தை லைப்சிக்கிலும் படிக்கலாம். விடுமுறையில் வியன்னா, பிராக், புடாபெஸ்ட் என்று ரயிலேறிச் சுற்றி வரலாம். நாட்டெல்லையைக் கடந்த செய்தி பல நேரங்களில் செல்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியால்தான் அவருக்குத் தெரியவரும். இதற்குக் காரணம் கேட்டால், தொலைவுகள் குறைவு, ரயில்கள் நல்லவை என்பதே வழக்கமான விடை. இரண்டும் உண்மைதான். ஆயினும் அதே தொலைவுகளும், பெரும்பாலும் அதே இருப்புப்பாதைகளும் 1875இலும் இருந்தன. 1935இலும் 1975இலும் இருந்தன. மாணவர் பயணம் மட்டும் ஒவ்வொரு காலத்திலும் வேறு வேறாக இருந்தது.

அந்த வேறுபாட்டை உண்டாக்கியவை மாணவர் கையிலிருந்த தாள்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து. தாள்கள் நான்கு: அந்நிய மண்ணில் பாதுகாப்புத் தரும் ஆணை, எல்லையைத் திறக்கும் கடவுச்சீட்டு, மாணவரின் கைக்கு எட்டும் விலையிலான பயணச்சீட்டு, வெளியூரில் படித்ததைச் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்கச்செய்யும் சான்று. இவற்றுள் இறுதியானதே மிகத் தாமதமாக முழு வடிவம் பெற்றது. மிக எளிதாகப் பறிக்கப்படுவதும் அதுவே.

*ரயிலுக்கு முற்பட்ட காலம்*

முதல் தாள் ரயிலைவிட ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் மூத்தது. பேரரசர் முதலாம் பிரெடரிக் (பார்பரோசா) பொலோனாவின் சட்ட மாணவர்களுக்காக 1150களில் ஓர் ஆணை பிறப்பித்தார். 'ஹபீட்டா' என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கும் அவ்வாணை, கல்விக்காக ஊர்விட்டு ஊர் செல்வோர் அச்சமின்றிப் பயணம் செய்யவும் தங்கவும் உரிமை அளித்தது. அதிலுள்ள ஒரு விதி அக்காலத்து நடைமுறையை நமக்குத் துலக்கமாகக் காட்டுகிறது. ஓர் ஊரைச் சேர்ந்த வணிகன் கடனைத் திருப்பித் தராவிட்டால், அதே ஊரைச் சேர்ந்த வேறு எவரையும் பிடித்து அவரிடமிருந்து கடனை வசூலிப்பது அன்றைய வழக்கம். வெளியூர் மாணவர்களே அதற்கு எளிதில் அகப்பட்டனர். இனி அவர்களை அவ்வாறு பிடிக்கக்கூடாது என்று ஆணை தடுத்தது. வழக்கு எழுந்தால் தம் ஆசிரியர் முன்போ ஆயர் முன்போ விசாரிக்கப்படும் உரிமையையும் மாணவர்க்குத் தந்தது. இவ்வாணை பிற்பாடு ஜஸ்டீனியன் சட்டத் தொகுப்பிலேயே சேர்த்துப் படிக்கப்பட்டது.

ஆணையால் திறந்த வழியை ஆணையால் மூடவும் முடிந்தது. மதப் பிளவு கூர்மையடைந்த காலத்தில், 1559இல், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் காஸ்தீலிய மாணவர்கள் வெளிநாட்டில் படிப்பதைத் தடை செய்தார். பொலோனா, ரோம், நேப்பிள்ஸ், கொயிம்பிரா ஆகிய சில இடங்களே விலக்குப் பெற்றன. லூத்தரியக் கருத்துகள் மாணவரோடு சேர்ந்து ஊர் திரும்பும் என்ற அச்சமே காரணம். 1564இல் திருத்தந்தை வெளியிட்ட ஆணை, பட்டம் பெறுவோர் கத்தோலிக்க விசுவாச அறிக்கையை ஏற்க வேண்டும் என்றது. பாதுவாவில் பயின்ற ஜெர்மானியப் புரோட்டஸ்டன்ட் மாணவர்களுக்கு இது பெரும் இடர். படிப்பை முடித்தும் பட்டம் பெற வழியில்லாத நிலை. மாணவர் வருகையால் பாதுவா பெற்றுவந்த வருவாயை இழக்க விரும்பாத வெனிஸ் குடியரசு, 1616இல் விசுவாச அறிக்கை கேட்காமல் பட்டம் வழங்கும் ஒரு தனி அமைப்பையே நிறுவியது. படிப்பது ஒன்று, படித்ததற்குச் சான்று பெறுவது வேறொன்று என்னும் பிரச்சினை அன்றே முளைத்துவிட்டதை இதில் காண்கிறோம்.

*ரயில் வந்தது, கடவுச்சீட்டு மறைந்தது*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருப்புப்பாதைகள் ஐரோப்பாவை ஒன்றோடொன்று பிணைத்தபோது, எல்லைக் காவலர்கள் புதியதொரு சிக்கலைச் சந்தித்தனர். குதிரை வண்டியில் வரும் பத்துப் பேரின் கடவுச்சீட்டைச் சரிபார்க்கலாம். ஒரே வண்டித் தொடரில் வந்திறங்கும் நூற்றுக்கணக்கானோரை எவ்வாறு சரிபார்ப்பது? வணிகமும் தொழிலாளர் பெயர்ச்சியும் தடையற்றிருக்க வேண்டும் என்ற பொருளாதாரக் கொள்கையும் இதனோடு சேர்ந்துகொண்டது. 1860களில் மேற்கு ஐரோப்பிய நாடுகள் பல கடவுச்சீட்டுக் கட்டாயத்தைத் தளர்த்தின. வட ஜெர்மானியக் கூட்டமைப்பு 1867இல் இயற்றிய சட்டம், உள்நாட்டவர், வெளிநாட்டவர் இருசாராருக்கும் எல்லை கடக்கக் கடவுச்சீட்டு தேவையில்லை என்றது. உருசியப் பேரரசும் உதுமானியப் பேரரசும் பழைய முறையைத் தொடர்ந்தன.

ரயில்வேக்கும் தனக்கென ஓர் ஒப்பந்தத் தாள் தேவைப்பட்டது. 1886இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஏற்பட்ட உடன்பாடு, தண்டவாள அகலம் முதலிய தொழில்நுட்ப அளவுகளைப் பொதுமைப்படுத்தியது. 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஒரு நாட்டின் பெட்டி மற்றொரு நாட்டில் ஓடலாயிற்று. ஸ்பெயினும் உருசியாவும் வேறு அகலங்களைக் கொண்டிருந்ததால் அவ்வெல்லைகளில் மட்டும் பயணி இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டியிருந்தது.

மொழியியல் மாணவர்கள் இக்காலத்தைத் தம் துறையின் பிறப்புக் காலமாகவே அறிவர். ஜெனீவாவில் பிறந்த பெர்டினாண்ட் டி சசூர், 1876இல் தம் பத்தொன்பதாம் வயதில் லைப்சிக் சென்றார். புருக்மன், ஒஸ்தோஃப், லெஸ்கீன் முதலிய 'இளம் இலக்கணிகள்' ஒலிமாற்ற விதிகளை வகுத்துக்கொண்டிருந்த நகரம் அது. இடையில் பெர்லினில் சில காலம் படித்து, லைப்சிக்கில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர்ப் பாரிஸில் பத்தாண்டுகள் கற்பித்தார். ஜெனீவா, லைப்சிக், பெர்லின், பாரிஸ் என்னும் இந்நாற்சந்தி இல்லாமல் அவருடைய சிந்தனையை எண்ணிப் பார்க்க இயலாது. 1913–14ஆம் கல்வியாண்டில் அதே லைப்சிக்கில் மூன்று இளைஞர்கள் ஒரே காலத்தில் இருந்தனர்: அமெரிக்கர் லெனார்ட் புளூம்ஃபீல்டு, உருசியர் நிக்கோலாய் துருபெத்ஸ்கோய், பிரெஞ்சுக்காரர் லூசியன் தெனியேர். இருபதாம் நூற்றாண்டின் அமைப்பியல், ஒலியனியல், தொடரியல் ஆகியவற்றின் பெரும்பகுதி இம்மூவர் பெயரோடு பிணைந்தது. 1914இல் போர் மூண்டது. தெனியேர் 1915இல் ஜெர்மானியரிடம் கைதியானார். அவர் அடைக்கப்பட்ட மெர்சபுர்க் முகாம், சென்ற ஆண்டு அவர் மாணவராக இருந்த லைப்சிக்கிலிருந்து சற்றுத் தொலைவிலேயே இருந்தது.

கடவுச்சீட்டு தளர்ந்த அப்பொற்காலத்திலும் நான்காவது தாளின் வலிமையை அறிந்தோர் இருந்தனர். சூரிக் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொண்டதால் உருசியப் பெண்கள் பலர் அங்கே சென்றனர். 1867இல் நதேழ்தா சுஸ்லோவா அங்கு மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் சூரிக்கின் உருசிய மாணவியர் புரட்சிக் கருத்துகளைக் கற்கின்றனர் என்று ஜார் அரசு கலங்கியது. 1873இல் ஓர் ஆணை வெளிவந்தது. 1874 சனவரி 1க்குப் பிறகும் சூரிக்கில் தொடர்ந்து படிக்கும் பெண்கள் உருசியாவின் எந்தத் தேர்விலும் கல்வி நிறுவனத்திலும் ஏற்கப்பட மாட்டார்கள் என்று அது அறிவித்தது. எந்த ரயிலையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. எவரையும் எல்லையில் பிடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. படித்தது செல்லாது என்ற ஒரு வரியே சூரிக்கின் உருசிய மாணவியர் கூட்டத்தைக் கலைத்தது.

*32 பக்கச் சிற்றேடு*

முதல் உலகப் போர், கடவுச்சீட்டைத் தற்காலிக ஏற்பாடு என்ற பெயரில் மீண்டும் கொண்டுவந்தது. போர் முடிந்தபின் 1920 அக்டோபரில் நாடுகள் சங்கத்தின் சார்பில் பாரிஸில் ஒரு மாநாடு கூடியது. அதன் பொருள் மூன்று: கடவுச்சீட்டு, சுங்க நடைமுறை, பல நாடுகளுக்கு ஒரே தொடர் பயணச்சீட்டு. கடவுச்சீட்டும் ரயில் சீட்டும் ஒரே மேசையில் விவாதிக்கப்பட்டமை கருதத்தக்கது. கடவுச்சீட்டு 32 பக்கங்கள் கொண்ட சிற்றேடாக, பிரெஞ்சிலும் குறைந்தது மற்றொரு மொழியிலும் அச்சிடப்பட வேண்டும் என்று மாநாடு பரிந்துரைத்தது. இன்று நாம் கையில் வைத்திருக்கும் கடவுச்சீட்டின் முன்னோடி அதுவே. தற்காலிகம் நிலையானது.

அத்தகைய சிற்றேடு ஒன்றுடன் 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், வயது பத்தொன்பது, கையில் இந்திய அரசின் உதவித்தொகை. வெள்ளைக் குறுமீன்களின் நிறை பற்றிய அவருடைய புகழ்பெற்ற கணக்கு அக்கப்பலில் தொடங்கியது என்பதைப் பலரும் அறிவர். கப்பல் அவரை வெனிஸில் இறக்கியது என்பதும், அங்கிருந்து இலண்டனுக்கு அவர் ரயிலில் சென்றார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கேம்பிரிட்ஜில் சேர்ந்த பின்னும் அவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. 1931 கோடையில் மாக்ஸ் போர்ன் இருந்த கோட்டிங்கனுக்குச் சென்றார். டிராக்கின் அறிவுரைப்படி தம் மூன்றாம் ஆண்டைக் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் கழித்தார். 1933இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். ஐரோப்பாவில் கழித்த ஆண்டுகளை வெவ்வேறு நகரங்களுக்குப் பங்கிட்டுக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. எங்கே கற்றாலும் கேம்பிரிட்ஜ் அதனை ஏற்கும் என்னும் உறுதி அவ்வுரிமைக்கு அடிப்படை.

அவர் பார்த்த கோட்டிங்கன் ஈராண்டுகூட நிலைக்கவில்லை. 1933 ஏப்ரலில் நாஜி அரசு இயற்றிய சட்டம் யூத ஆசிரியர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. மாக்ஸ் போர்ன் வெளியேற நேர்ந்தது. கோட்டிங்கனுக்கு ரயில் அதன் பின்னும் நேரம் தவறாமல் ஓடியிருக்கும். அங்கே இறங்கிக் கற்பதற்கு ஆசிரியர்கள் இல்லை. 1939 நவம்பர் 17 அன்று ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் செக் நாட்டுப் பல்கலைக்கழகங்களை மூடி, ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்று, 1,200க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினர். நவம்பர் 17 அனைத்துலக மாணவர் நாளாக நினைவுகூரப்படுவது அதனாலேயே. ஐரோப்பிய ரயிலின் வரலாற்றைக் காதலோடு எழுதும் எவரும், யூத மக்களைக் கொலைமுகாம்களுக்கு ஏற்றிச் சென்றவையும் இதே தண்டவாளங்களே என்பதைக் கடந்து செல்லலாகாது. எல்லைகளை இணைக்கும் ஆற்றல் இரும்புக்கு உண்டு. யாரை, எதற்காக ஏற்றுவது என்று தீர்மானிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

*இளைஞரின் சீட்டு*

போருக்குப் பின் 1957இல் தொடங்கிய 'டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்' வண்டிகள் ஒருங்கிணையும் ஐரோப்பாவின் அடையாளமாகப் போற்றப்பட்டன. அவற்றில் முதல் வகுப்பு மட்டுமே உண்டு. தொழிலதிபர்களும் அதிகாரிகளும் அவற்றில் சென்றனர். மாணவர்க்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பும் இரவு வண்டிகளுமே.

நாடுகளிடையே ஓடிய அப்பெட்டிகளின் சன்னலடியில் பதித்த சிறு தகடு மொழியியலார்க்குச் சுவையானது. தலையை வெளியே நீட்டாதே என்பதைப் பல மொழிகளில் சொல்லும் தகடு அது. பிரெஞ்சும் ஜெர்மனும் வினையின் எச்ச வடிவத்தால், முன்னிலை சுட்டாமல் தடை விதிக்கும். ஆங்கிலம் நேரடியாக ஏவும். இத்தாலியம் மட்டும் ஏவாது. 'வெளியே சாய்வது ஆபத்தானது' என்று ஒரு கூற்றை உரைத்துவிட்டு முடிவைப் பயணியிடம் விட்டுவிடும். தடைவினையின் இலக்கண வேறுபாடுகளை விளக்க இதனினும் எளிய சான்று தேட வேண்டியதில்லை. அத்தகட்டைப் படித்தே அயல்மொழியின் முதல் வாக்கியத்தைக் கற்ற தலைமுறை ஒன்று ஐரோப்பாவில் உண்டு.

அத்தலைமுறையைப் பெருக்கியது 1972இல் வந்த 'இன்டர்ரெயில்' சீட்டு. 1922இல் நிறுவப்பட்ட பன்னாட்டு ரயில்வே ஒன்றியத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி அது அறிமுகமானது. 21 வயதுக்குட்பட்டோர் ஒரே சீட்டில் ஒரு மாதம் 21 நாடுகளில் இரண்டாம் வகுப்பில் பயணம் செய்யலாம். ஓராண்டுக் கொண்டாட்டமாக எண்ணப்பட்ட திட்டம், வரவேற்பின் மிகுதியால் நிலைபெற்றது. வயது வரம்பு 1976இல் 23 ஆகவும் 1979இல் 26 ஆகவும் உயர்ந்தது. அங்கேரியும் யூகோஸ்லாவியாவும் அதில் இருந்தன. பனிப்போர்க் காலத்தில் மேற்கத்திய மாணவர் ஒருவர் புடாபெஸ்ட் வரை செல்லச் சீட்டு உதவியது. எதிர்த்திசையில் வரும் உரிமை அங்கிருந்த மாணவர்க்கு அதே அளவில் இல்லை. பயணச்சீட்டு கிடைத்தாலும் வெளியேறும் அனுமதி கிடைப்பது அரிது.

சீட்டிலும் ஒரு பாகுபாடு உண்டு. ஐரோப்பாவில் வசிப்போர்க்கு இன்டர்ரெயில். வெளியிலிருந்து வருவோர்க்கு 1959 முதல் வழங்கப்படும் 'யூரெயில்'. வண்டியும் இருக்கையும் ஒன்றே, சீட்டின் பெயர் மட்டும் வேறு. கருதப்படுவது குடியுரிமை அன்று, வசிப்பிடம். ஆகவே சுற்றுலாவுக்குச் செல்லும் இந்தியர் யூரெயில் வாங்குவார். அங்கே வசிப்பு அனுமதியுடன் படிக்கும் இந்திய மாணவர் இன்டர்ரெயில் வாங்கலாம்.

*ஏற்கப்படாத பட்டமும் எராஸ்மஸும்*

மூன்று தாள்களும் ஓரளவு கைக்கு வந்த பின்னும் நான்காவது வரவில்லை. 1958இல் ரோம் பல்கலைக்கழகச் சட்ட மாணவி சோஃபியா கொராடி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று நாடு திரும்பினார். அங்கே படித்ததைத் தம் படிப்பின் பகுதியாக ஏற்குமாறு அவர் கேட்டபோது ரோம் மறுத்தது. அந்த அவமதிப்பை அவர் தனிமனிதக் குறையாக விட்டுவிடவில்லை. 1969இல், வெளிநாட்டில் பயின்ற காலத்தைச் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்று ஒரு முன்மொழிவை எழுதினார். பின்னர்ப் பல ஆண்டுகள் பல்கலைக்கழகத் தலைவர்களிடமும் அமைச்சகங்களிடமும் அதை வலியுறுத்தினார். 1956இலேயே ஐரோப்பிய அவை, பயிற்சிக் காலங்களின் ஈடு குறித்து ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது. ஆயினும் ஒப்பந்தத்துக்கும் துறைத்தலைவரின் மேசைக்கும் இடையிலான தொலைவு, ரோமுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலானதைவிட மிகுதி.

1987 சூன் 15 அன்று எராஸ்மஸ் திட்டம் ஏற்கப்பட்டது. முதலாண்டில் 11 நாடுகளிலிருந்து சென்ற மாணவர்கள் 3,244 பேர். பயிற்சியாளர், ஆசிரியர் முதலியோரையும் சேர்த்தால் இதுவரை பயன்பெற்றோர் ஒரு கோடியைக் கடந்துவிட்டனர். அதன் வெற்றிக்கு உதவித்தொகையைக் காரணமாகச் சொல்வர். உண்மையில் அத்தொகை பெரும்பாலோர்க்கு வாழ்க்கைச் செலவை முழுதும் ஈடுசெய்வதில்லை. வசதியற்ற குடும்பத்து மாணவர் இன்றும் தயங்கவே செய்கின்றனர். என் மதிப்பீட்டில், திட்டத்தின் உயிர்நாடி 1989இல் தொடங்கிய கிரெடிட் மாற்று முறை. ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒரு பருவத்துக்கு 30. மாணவர் புறப்படுமுன் அவரும் இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரு கல்வி உடன்படிக்கையில் கையொப்பமிடுவர். எந்தப் பாடத்துக்கு ஈடாக எந்தப் பாடம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். திரும்பி வந்தபின் பேரம் பேச வேண்டியதில்லை. கொராடிக்கு 1958இல் இல்லாதிருந்தது அந்த ஒற்றைத் தாளே.

எல்லைத் தாளும் இதே காலத்தில் தளர்ந்தது. 1985 சூன் 14 அன்று ஷெங்கன் என்னும் லக்சம்பர்க் சிற்றூரருகே, மோசெல் ஆற்றில் நின்ற கப்பலில் ஐந்து நாடுகள் ஒப்பமிட்டன. 1995 மார்ச் 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1999 சூன் 19 அன்று 29 நாடுகளின் கல்வி அமைச்சர்கள் பட்ட அமைப்புகளை ஒப்பிடத்தக்கனவாக்க உறுதிபூண்டனர். அதற்கு அவர்கள் கூடிய நகரம் பொலோனா. ஹபீட்டாவின் மாணவர்கள் இருந்த அதே ஊர்.

*தாள் பறிபோகும்போது*

இவ்வரலாறு வெற்றியில் முடிந்துவிட்டதாக எண்ணுவோர்க்கு அண்மை ஆண்டுகள் வேறு செய்தி சொல்கின்றன. 2014 பிப்ரவரியில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சுவிஸ் வாக்காளர்கள் முடிவெடுத்ததை அடுத்து, எராஸ்மஸில் சுவிட்சர்லாந்தின் முழுப் பங்கேற்பு நின்றது. பாரிஸிலிருந்து ஜெனீவாவுக்கு அதிவேக ரயில் தொடர்ந்து ஓடியது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபோது 2020 இறுதியில் எராஸ்மஸையும் கைவிட்டது. கால்வாய்ச் சுரங்கத்தின் வழி ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், சட்ட ஆட்சி குறித்த பூசலில், அங்கேரியின் அறக்கட்டளைப் பல்கலைக்கழகங்களுடன் புதிய நிதி ஒப்பந்தங்கள் செய்வதைத் தடுத்தது. எராஸ்மஸும் அதில் அடங்கும். அரசின் மீதான தண்டனை மாணவரின் தலையில் விழுந்தது.

எல்லையும் திரும்பி வருகிறது. கோபன்ஹேகனையும் சுவீடனின் மால்மோவையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலம் 2000 சூலையில் திறந்தது. இரு கரையிலும் வாழ்ந்து மறுகரையில் படிப்போரும் பணிபுரிவோரும் பெருகினர். அகதிகள் பெருமளவில் வந்த சூழலில், 2016 சனவரி 4 முதல் சுவீடன் அடையாளச் சோதனையைக் கட்டாயமாக்கியது. சோதனைக்காகப் பயணிகள் விமான நிலைய நிலையத்தில் இறங்கி வண்டி மாற வேண்டியதாயிற்று. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியும் தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையைத் தொடங்கியது.

இந்திய மாணவர்க்கு இது செய்தித்தாள் செய்தி மட்டுமல்ல. ஒரு ஷெங்கன் நாட்டின் வசிப்பு அனுமதி அட்டை, பிற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்க இடமளிக்கிறது. ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, பல்கலைக்கழக ஒப்பந்தத்தின்கீழ் பயில்வோர் மற்றோர் உறுப்பு நாட்டில் 360 நாள் வரை படிப்பைத் தொடரலாம். அந்த அட்டையின் புதுப்பிப்புத் தாமதமானால் வகுப்புத் தோழர்கள் ஏறும் அதே வண்டியில் அவரால் ஏற முடியாது. ஒரே பெட்டியில் அமர்ந்த நால்வரில் சோதனையின்போது முதலில் எவரிடம் அட்டை கேட்கப்படும் என்பதும் பலர் அறிந்ததே.

*நம்மிடம் இருப்பதும் இல்லாததும்*

இவ்வரலாற்றை நான் தொகுத்துப் பார்ப்பதன் நோக்கம் ஐரோப்பாவை வியப்பதன்று. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடும் விவேக் விரைவு வண்டி ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் செல்கிறது. அசாமியம், வங்காளம், ஒடியா, தெலுங்கு, தமிழ், மலையாளம் ஆகிய மொழிகளின் நிலங்களை அது கடக்கிறது. வழியில் திபெத்திய-பர்மிய மொழிகள் பேசுவோரும் முண்டா மொழிகள் பேசுவோரும் வாழும் பகுதிகளும் உண்டு. இத்தனை மொழிக் குடும்பங்களை ஒரே வண்டியில், ஒரு கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் கடக்கும் வாய்ப்பு ஐரோப்பிய மொழியியல் மாணவர் எவர்க்கும் இல்லை. மாணவர்கள் சொந்த ஊர் செல்லவும் கல்விச் சுற்றுலா செல்லவும் இந்திய ரயில்வே கட்டணச் சலுகையும் தருகிறது.

அதாவது முதல் மூன்று தாள்கள் நம்மிடம் ஏற்கெனவே உள்ளன. அவற்றுக்காக ஐரோப்பா பட்ட பாட்டை நாம் படவேண்டியதில்லை. நம்மிடம் நலிந்திருப்பது நான்காவது. சென்னையில் மொழியியல் பயிலும் மாணவி ஒரு பருவம் குவஹாத்தியில் தங்கி, போடோ மொழியின் தொனியமைப்பைக் கற்று, அப்பருவத்தை இழக்காமல் ஊர் திரும்ப முடியுமா? 2021இல் தொடங்கப்பட்ட கல்விக் கிரெடிட் வங்கி அதற்குரிய கணக்கைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் கணக்கு வேறு, உடன்படிக்கை வேறு. இரண்டு துறைகள் முன்கூட்டியே அமர்ந்து, இந்தப் பாடத்துக்கு ஈடாக அந்தப் பாடத்தை ஏற்போம் என்று எழுதி ஒப்பமிடும் வழக்கம் நம்மிடையே அரிது. எராஸ்மஸின் வரலாறு காட்டுவதுபோல், அந்த ஒப்பம் பெரும் பொருட்செலவு வேண்டுவதன்று. மற்றொரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் இட்ட மதிப்பெண்ணை நம்பும் மனமே வேண்டும்.

பாடத்திட்டக் குழுக்களில் இடம்பெற்றுள்ள பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் வேறு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் உங்கள் துறைப் பாடத்திட்டத்தை மேசையில் வையுங்கள். ஒரே ஒரு பருவம், ஐந்தே பாடங்கள், இரண்டு மாணவர்கள் என்ற அளவில் ஈட்டுப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து ஒப்பமிடுங்கள். மாணவ நண்பர்களே, அப்பட்டியலை உங்கள் துறைத்தலைவரிடம் கேளுங்கள். வண்டி நாள்தோறும் புறப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.